விசில் அண்ணனின் கணுக்கால்கள்

என் அண்ணன் கால்பந்து நடுவர். மைதானத்தில் யாருமே தொடாமல் தானே விழுந்துவிட்டு, எழுந்து உட்கார்ந்து, யாருக்கு மஞ்சள் அட்டை காட்டலாம் என்று சுற்றுமுற்றும் பார்க்கிற ஒரே நடுவர் அவனாகத்தான் இருப்பான். பந்து ஒரு பக்கம் போகும், ஆட்டக்காரர்கள் எல்லாரும் அதன் பின்னால் போவார்கள், இவன் மட்டும் நடு மைதானத்தில் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அப்போதும் வாயில் விசில் இருக்கும். அதனால்தான் அவனுக்கு விசில் என்று பெயர். குளிக்கும்போதாவது அதைக் கழற்றி வைப்பானா என்று அண்ணியிடம் கேட்டேன். முறைத்தார்.

மைதானம் என்றால்கூடப் பரவாயில்லை, ஓடுகிறான், மடங்குகிறது. பஸ்ஸிலிருந்து இறங்கினாலும் மடங்கும். மாடிப்படியில் மடங்கும். பலசரக்குக் கடையில் வரிசையில் சும்மா நின்றுகொண்டிருந்தபோதே ஒரு தடவை மடங்கி, முன்னால் நின்ற யாரோ ஒரு அம்மாளின் கூடை மேல் விழுந்து, முட்டைக்கு மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்திருக்கிறான். நிற்பதற்கு என்ன பெரிய திறமை வேண்டும், நீங்களே சொல்லுங்கள். வீட்டில் சோபாவை நகர்த்த வேண்டும், பீரோவைத் தூக்க வேண்டும் என்றால் போதும், சரியாக அந்த நேரம் பார்த்துக் கால் பிசகும்.

"ஆரம்பிச்சுட்டான்யா நடிப்பை" என்பேன் நான். அம்மா சிரிப்பாள். அண்ணி சிரிப்பார். அவனும் சிரிப்பான். சிரித்துக்கொண்டே கணுக்காலைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். இதை நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை, எங்கள் ஆஸ்பத்திரியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அங்கே நான் சி.டி. ஸ்கேன் பிரிவின் பொறுப்பாளர். வாய்க்குப் பின்னால் வேலை இருந்ததால் யாரும் என்னை ஒன்றும் சொல்ல முடியவில்லை. நான் எடுத்த படத்தை இன்னொரு தடவை எடு என்று எந்த டாக்டரும் திருப்பி அனுப்பியது கிடையாது. அந்தத் திமிர் எனக்கு நிறையவே இருந்தது.

போன சீசன் நடுவர்களுக்கான ஓட்டத் தேர்வில் அண்ணனுக்குப் பாதி மைதானத்தில் கால் மடங்கிவிட்டது. நடுவர் சங்கத்துக்காரர்கள் ஒரு வாய்ப்பு தருகிறோம், அடுத்த சீசனுக்குள் காலைச் சரிசெய்துகொண்டு வந்து ஓடிக் காட்டு, இல்லாவிட்டால் விசிலைக் கழற்றி வைத்துவிடு என்று சொல்லிவிட்டார்கள். அவன் வயதுக்கு அதற்கப்புறம் எவனும் வாய்ப்புத் தரமாட்டான். பகலில் அவன் ஒரு கிடங்கில் சரக்கு எண்ணுகிற வேலை பார்க்கிறான். அந்த வேலையைப் பற்றி அவன் வீட்டில் ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தைப் பற்றி என்றால் புதன்கிழமை வரை பேசுவான். அதுவும் போய்விட்டால் இந்த மனுஷன் என்ன ஆவான் என்று அண்ணி என்னிடம் தனியாக வந்து அழுதார். அப்போதுதான் நான் அவனை எங்கள் எலும்பு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன்.

அந்தம்மாவுக்கு நாங்கள் வைத்த பெயர் ஆணி டாக்டர். அவர் கைபட்ட எலும்பு ஓர் ஆணியாவது வாங்காமல் வெளியே வந்ததில்லை. அவர் அண்ணனின் குதிகாலைப் பிடித்து முன்னால் இழுத்தார், உள்பக்கமாகச் சாய்த்தார், கழன்ற கதவுக் கைப்பிடியை ஆட்டிப் பார்ப்பதுபோல இரண்டு கால்களையும் ஆட்டிப் பார்த்தார்.

"ரெண்டு பக்கமும் ஜவ்வு தளர்ந்துபோச்சு. எப்பவோ நல்லாப் பிசகி, அது ஒழுங்கா ஆறாம, மறுபடி மறுபடி மடங்கிட்டே இருந்திருக்கு" என்றார். "ஜவ்வை இழுத்துக் கட்டிடலாம். ஆனா ரெண்டையும் ஒண்ணாச் செய்ய மாட்டேன். அப்புறம் எதுல நிப்பீங்க? ரொம்பக் கெட்டுப்போனது எதுவோ அதை முதல்ல பண்ணுவோம். இன்னொண்ணைப் பயிற்சியிலயே தேத்திடலாம். எந்தக் கால் அதிகமா வலிக்குது?"

அண்ணன் வாயைத் திறந்தான். நான் முந்திக்கொண்டேன்.

"அவனைக் கேக்காதீங்க டாக்டர். கொசு கடிச்சாலே ஆம்புலன்ஸ் கூப்பிடுற ஆளு. படம் எடுத்துப் பாத்துடலாம், எலும்பு பொய் சொல்லாது."

"ரெண்டும்தான் டாக்டர்" என்றான் அண்ணன், சிரித்தபடி. "அப்படி ஒண்ணும் பெருசா இல்ல."

சி.டி. எதற்கு என்றால், ஜவ்வு தளர்ந்த காலில் எலும்பும் சும்மா இருக்காது. மடங்க மடங்க எலும்போடு எலும்பு மோதும். மோதுகிற இடம் கெட்டிதட்டிப் போகும், ஓரத்தில் முள் மாதிரி வளரும், சில பேருக்கு உள்ளே பொத்தல்கூட விழும். சாதாரண எக்ஸ்ரேயில் இதெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து மறைந்துவிடும். சி.டி. ரொட்டியை வெட்டுகிற மாதிரி மெல்லிசு மெல்லிசாக வெட்டிக் காட்டும். எந்தக் கணுக்கால் எத்தனை அடி வாங்கியிருக்கிறது என்பதை மறைக்கவே முடியாது.

ஸ்கேன் அன்று அண்ணன் துவைத்த சாக்ஸ் போட்டுக்கொண்டு வந்திருந்தான். அதுவே பெரிய விஷயம். அவனுக்கு முன்னால் ஒரு பெரியவர், குளியலறையில் வழுக்கி மண்டையை இடித்துக்கொண்டவர். அவரை இறக்கி அனுப்பிவிட்டு, மேஜைமேல் புதிதாகக் காகிதம் விரித்து, அண்ணனைப் படுக்க வைத்தேன். தலைக்கு ஸ்கேன் என்றால் தலைதான் முதலில் அந்த வளையத்துக்குள் போகும். கணுக்கால் என்றால் கால் முதலில் போகும், தலை வெளியே இருக்கும். மெஷினுக்குக் கண் கிடையாது. ஆள் எப்படிப் படுத்திருக்கிறார் என்று வெளியே கன்சோலில், அதாவது அதை ஓட்டுகிற கணினி முன்னால், உட்கார்ந்திருப்பவர்தான் அதற்குச் சொல்ல வேண்டும். கன்சோலுக்கு மேலே 'தலை முதலா? கால் முதலா? பார்த்துத் தொலை!' என்று சிவப்பு எழுத்தில் எழுதி ஒட்டியதே நான்தான். என் கீழே வேலை பார்க்கிற கொட்டாவிக்காக ஒட்டியது. அவன் நல்ல வேலைக்காரன், ஆனால் எந்நேரமும் கொட்டாவி விட்டுக்கொண்டிருப்பான்.

"என்ன பாப்பா, இவ்வளவு குளுரா இருக்கு?" என்றான் அண்ணன், உள்ளேயிருந்து மைக்கில். நாற்பதைத் தாண்டிய என்னைப் பாப்பா என்று கூப்பிட உலகத்தில் அவன் ஒருவன்தான் பாக்கி. கொட்டாவி இந்தப் பக்கம் திரும்பிச் சிரித்தான்.

"மெஷினுக்கு வேர்க்கும், அதான். பேசாம ஆடாமப் படு."

"ஆடாம இருந்தா நான் எதுக்கு இங்க வரப்போறேன்?"

"ஐயோ, படுத்துக்கிட்டே நடிக்கிறான் பாரு. ஸ்கேன்ல அவார்டு தரமாட்டாங்க, மூடு."

இப்படியே ஆளுக்கொன்று சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தோம். அளவெடுக்கிற முதல் படம் திரையில் வந்தது. பாதம் மேலே, முழங்கால் கீழே, தலைகீழாக. வெளியே ஸ்ட்ரெச்சரில் ஒரு விபத்துக் கேஸ் வந்து நின்றது, கூட வந்தவர்கள் கதவைத் தட்டினார்கள். சரி, எடுத்துவிட்டு நிமிர்த்திக்கொள்ளலாம் என்று நினைத்தேன். எடுத்தேன். முடிந்ததும் மேல்கீழாகப் புரட்டுகிற பொத்தானை ஒரு தட்டுத் தட்டினேன். பாதம் ஒழுங்காகக் கீழே வந்து உட்கார்ந்தது. இடது, வலது என்று பிரித்து அனுப்பிவிட்டு விபத்துக் கேஸை உள்ளே கூப்பிட்டேன்.

மதியம் அந்தப் படங்களை நிதானமாகத் திறந்து பார்த்தேன். இடது கணுக்காலில், கால் எலும்பு வந்து உட்காருகிற அந்தக் கட்டை எலும்பில், பட்டாணி அளவுக்கு ஒரு பொத்தல். சுற்றிலும் எலும்பு வெள்ளை வெளேரென்று இறுகிக் கிடந்தது. ஓரத்தில் முள். வெளிக்கணு நுனியிலிருந்து பிய்ந்த ஒரு சில்லு தனியாக மிதந்தது. இன்னொரு காலும் யோக்கியம் இல்லை, ஆனால் இதன் பக்கத்தில் அது எவ்வளவோ தேவலை. எங்கள் ரேடியாலஜி டாக்டர் நாள் முழுக்க விளக்கணைத்த அறையில் திரை முன்னால் உட்கார்ந்திருப்பவர், அவரை இருட்டு டாக்டர் என்போம். அவரே "யாரு இந்த ஆளு? இந்தக் காலோட நடந்தா வந்தாரு?" என்று கேட்டார்.

நடந்து இல்லை, ஓடிக்கொண்டிருந்தான். விசில் ஊதிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தான். எவ்வளவு பெரிய நடிகனாக இருந்தாலும் தன் எலும்பில் பொத்தல் போட்டுக்கொள்ள முடியாது. எனக்கு அன்றைக்கு என் மேலேயே எரிச்சலாக வந்தது. ஆனால் பழக்கம் விடவில்லை. சாயந்திரம் அவன் வீட்டுக்குப் போனபோது, "ஏய் விசில், உனக்கு இடது கால்தான் மோசமாம். எலும்புல ஓட்டை. வாடகைக்கு விடலாம்" என்றேன்.

"இடதா?" என்றான்.

"ஆமா, இடது."

அவன் தன் இரண்டு கால்களையும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். "சரி பாப்பா" என்றான். அதோடு டி.வி.யில் ஆட்டம் பார்க்கப் போய்விட்டான்.

ஆணி டாக்டர் நாள் குறித்தார். இப்போது கட்டினால் ஆறி, பயிற்சி எடுத்து, அடுத்த சீசன் தேர்வுக்குள் ஓடிவிடலாம் என்றார். அண்ணி போன் போட்டு எனக்கு அவ்வளவு நன்றி சொன்னார். நானும் ரொம்பப் பெருந்தன்மையாக வாங்கிக்கொண்டேன்.

ஆபரேஷன் அன்று காலையில் எனக்கு வேலை இருந்தது. அண்ணனை வார்டில் போய்ப் பார்த்து, "செத்துக்கித்துப் போயிடாதே, அண்ணி என்னைத்தான் திட்டுவாங்க" என்று ஆறுதல் சொல்லிவிட்டுக் கீழே இறங்கி வந்தேன். கூட்டம் இல்லை. கொட்டாவி ஒரு கொட்டாவியை முடித்துவிட்டு, "உங்கண்ணன் படத்தைக் காட்டுங்களேன், பொத்தல் பொத்தல்னு எல்லாரும் பேசிக்கிறாங்க" என்றான். எனக்கும் பந்தா விட ஆசை. வெட்டுப் படங்களைக் காட்டினால் அவனுக்குத் தூக்கம் வரும் என்று, எல்லாவற்றையும் சேர்த்து முழுப் பாதமாகத் தோலோடு காட்டுகிற மாதிரிப் போட்டுத் திரையில் சுற்றவிட்டேன். ஆணி டாக்டர் விரல் வரைக்கும் கேட்டிருந்ததால் பாதம் முழுவதும் இருந்தது.

"இடது கால்ல சுண்டுவிரல் ஏன் பக்கத்து விரல் மேல ஏறி உக்காந்திருக்கு?" என்றான் கொட்டாவி.

"அது பொறந்ததுலேர்ந்தே அப்படித்தான். சவாரி விரல்னு வீட்ல சொல்லுவோம். அதனாலதான் அவன் வலது ஷூ எப்பவும் ஓரத்துல கிழிஞ்சே இருக்கும். இடது இல்ல, அது வலது கால்—"

சொல்லிக்கொண்டே வந்தவள் அப்படியே நின்றேன். திரையில் அந்த விரலுக்குப் பக்கத்தில் இடது என்றுதான் போட்டிருந்தது.

தலைகீழாக வந்த அந்த முதல் படம் கண் முன்னால் வந்தது. மண்டை உடைந்த பெரியவருக்குத் 'தலை முதல்' என்று போட்டிருந்ததை நான் மாற்றவே இல்லை. மெஷின் அண்ணனும் தலை முதலில் வந்திருக்கிறான் என்று நம்பி, பாவம், வலதை இடது என்று எழுதியிருக்கிறது. தலைகீழாகக் காட்டி எனக்கு எச்சரிக்கைகூடக் கொடுத்திருக்கிறது. நான் நிலையைத் திருத்தாமல் படத்தைப் புரட்டிவிட்டேன். புரட்டினால் என்ன ஆகும்? கண்ணாடியில் பார்க்கிற மாதிரி ஆகும். வலது பாதம் அச்சு அசலாக இடது பாதமாகவே தெரியும். பெருவிரல் இருக்க வேண்டிய பக்கத்தில் பெருவிரல், எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் எழுத்து. இருட்டு டாக்டர் இல்லை, எந்தக் கொம்பன் பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாது. இப்படி ஒரு தப்பை வேலை தெரியாதவனால் செய்யவே முடியாது. என்னை மாதிரி வேலை தெரிந்த திமிர் பிடித்தவள்தான் செய்ய முடியும்.

அப்போதுகூட மனசு தப்பிக்க எப்படிச் சந்து தேடியது பாருங்கள். ஒருவேளை சவாரி விரல் இடது காலில்தானோ, எனக்குத்தான் ஞாபகம் தப்போ என்று நினைத்து அண்ணிக்குப் போன் போட்டேன்.

"அண்ணி, அண்ணனுக்கு அந்தச் சவாரி விரல் எந்தக் கால்ல?"

"வலதுல. இப்ப எதுக்குக் கேக்குற? இப்பத்தான் தியேட்டருக்குள்ள கூட்டிட்டுப் போனாங்க, எனக்கு இங்க கையும் ஓடல காலும் ஓடல, நீ விரலைப் பத்திக் கேக்குற!"

வைத்துவிட்டேன். தியேட்டருக்குப் போன் போட்டால் மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க நாதியில்லை. தேவலையாக இருக்கிற காலை வெட்டிக் கட்டுப்போட்டு வைத்தால், அது ஆறுகிறவரைக்கும் பொத்தல் விழுந்த கால்தான் அவன் மொத்த உடம்பையும் சுமக்க வேண்டும். அப்புறம் ஓட்டம் எங்கே, சீசன் எங்கே. நடப்பானா என்பதே சந்தேகம். லிஃப்ட் மேலே எங்கேயோ நின்றுகொண்டிருந்தது. நான் படிக்கட்டில் ஓடினேன். என் உடம்புக்கு நான் ஓடுவதைப் பார்த்து வராந்தாவில் இருந்தவர்கள் எல்லாரும் தீப்பிடித்துவிட்டது என்று நினைத்து எழுந்து நின்றார்கள்.

தியேட்டர் கதவில் ஒரு சிஸ்டர் இரண்டு கையையும் விரித்து மறித்தார். "செருப்பு! செருப்பு!" என்று கத்தினார். நான் செருப்பைக் கழற்றிய வேகத்தில் ஒன்று அவர் மேலேயே போய் விழுந்தது. மன்னிப்பை அப்புறம் கேட்டுக்கொள்ளலாம் என்று உள்ளே புகுந்தேன்.

அண்ணன் தள்ளுவண்டியில் முதுகைக் காட்டிக் குனிந்து உட்கார்ந்திருந்தான். தலையில் பச்சைக் குல்லாய். மயக்க டாக்டர் அவன் முதுகைப் பஞ்சால் துடைத்துக்கொண்டிருந்தார். இடது காலில், முழங்காலுக்குக் கீழே, கறுப்புப் பேனாவால் பெரிய அம்புக்குறி போட்டிருந்தார்கள்.

"நிறுத்துங்க! ஊசி போடாதீங்க!"

ஆணி டாக்டர் கைகழுவுகிற இடத்திலிருந்து, கைகள் இரண்டையும் தூக்கிப் பிடித்தபடி, முழங்கையில் தண்ணீர் சொட்ட வெளியே வந்தார். "என்ன கலாட்டா இது?"

"டாக்டர், படம் தப்பு. வலதும் இடதும் மாறிப்போச்சு. பொத்தல் விழுந்தது வலது கால்."

"யாரு மாத்துனது?"

மூச்சு வாங்கியது. கொட்டாவி பெயர் நாக்கு நுனி வரைக்கும் வந்தது என்று சொன்னால் என்னைக் காறித் துப்பாதீர்கள். வந்தது. விழுங்கினேன்.

"நான்தான். நானே எடுத்தேன், நானே மாத்திட்டேன்."

அந்தம்மா தூக்கிப் பிடித்திருந்த கைகளை இறக்கினார். "இன்னும் கொஞ்சம் லேட்டா வந்திருந்தீங்கன்னா நான் அந்தக் காலைத் திறந்திருப்பேன்" என்றார். "நீங்க ரொம்ப நல்லாப் பேசுவீங்கன்னு எல்லாரும் சொல்லுவாங்க. இப்பப் பேசுங்க, கேக்குறேன்."

தலையைக் குனிந்துகொண்டு வெறுங்காலோடு நின்றேன்.

அவர் அண்ணன் பக்கம் திரும்பினார். "ஏன் சார், உங்களுக்காவது தெரியலையா?" அவன் குல்லாயோடு அசட்டுச் சிரிப்புச் சிரித்தான்.

ஆணி டாக்டர் யாரையும் நம்பத் தயாராக இல்லை, நல்லதுதான். உடனே மறுபடி ஸ்கேன் எடுக்கச் சொன்னார். நான் கன்சோல் பக்கமே போகக் கூடாது என்றும் சொன்னார். கொட்டாவி எடுத்தான். சிவப்பு எழுத்தைப் பார்த்தான், அண்ணனின் காலைப் பார்த்தான், திரையைப் பார்த்தான், மறுபடி சிவப்பு எழுத்தைப் பார்த்தான். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவன் கண்கள் இவ்வளவு பெரியவை என்று எனக்குத் தெரியாது. இருட்டு டாக்டர் வெளிச்சத்தில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு தானே நேரில் வந்து பார்த்தார். அவர் முகத்திலும் ஈயாடவில்லை. கையெழுத்துப் போட்டவர் அவர்தானே.

"வலதுதான்" என்றார். "பொத்தல், முள்ளு, சில்லு எல்லாமே வலது. நாளையிலேர்ந்து பொறுப்பைக் கொட்டாவி பாத்துக்கட்டும்." என் பக்கம் பார்க்காமலே சொன்னார். அவரும் அவனைக் கொட்டாவி என்றுதான் சொல்வார் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். வேறு நாளாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன்.

ஆபரேஷனை அன்றைக்கே, அடுத்த கேஸ் முடிந்ததும் வைத்துக்கொள்வதாகச் சொல்லி, அண்ணனைத் தியேட்டருக்கு வெளியே திரைபோட்ட இடத்தில் நிறுத்தி வைத்தார்கள். அண்ணி அழுது ஓய்ந்து தண்ணீர் குடிக்கப் போயிருந்தார். போகும்போது என் தோளைத் தொட்டுவிட்டுத்தான் போனார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நானும் அண்ணனும் மட்டும் இருந்தோம். நல்ல மனுஷியாக இருந்தால் மன்னிப்புக் கேட்டிருப்பாள். எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது.

"உனக்கு அறிவிருக்கா? உன் கால்தானே அது? எது வலிக்குதுன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியுமே."

"என்ன தெரியும்?"

"வலதுதான். எப்பவுமே வலதுதான்."

எனக்குப் புரியவில்லை. "அப்புறம் இடது கால்ல அம்பு போடும்போது எங்க போச்சு வாயி? விசில் இல்லேன்னா உனக்குப் பேச வராதா?"

அவன் போர்வையின் நூலை இழுத்துக்கொண்டிருந்தான். கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் கொடுமை. பஸ் ஏன் தாமதம் என்று சொல்கிற மாதிரிச் சொன்னான்.

"படம் எடுத்தது நீயாச்சே பாப்பா. உன் வேலையில தப்பே வராதுன்னு எல்லாருக்கும் தெரியும். என் கால் மடங்குற ஒவ்வொரு தடவையும் நடிக்கிறேன்னு நீ சொல்லுவே, எல்லாரும் சிரிப்பாங்க, நானும் சிரிப்பேன். சிரிச்சுச் சிரிச்சு எனக்கே சந்தேகம் வந்துடுச்சு, நெஜமாவே வலிக்குதா, இல்ல நானா நெனச்சுக்கறேனான்னு. நீ இடதுன்னு சொன்னியா... சரி, எனக்கு வலியைக்கூட ஒழுங்காச் சொல்லத் தெரியல போலன்னு விட்டுட்டேன்."

எனக்கு அழுகை வந்தது. அழகாக அழுகிற ஜாதி இல்லை நான். மூக்கு ஒழுக, தோள் குலுங்க, தியேட்டர் வாசலில் நின்று அழுதேன். துடைக்க ஒன்றும் கிடைக்காமல் அவன் போர்வை நுனியை எடுத்து மூக்கைச் சிந்தினேன். தப்பு நடந்தது மெஷினில் மட்டும் இல்லை. என்னோடு பிறந்தவன், தன் உடம்பில் எது வலிக்கிறது என்பதற்குக்கூட என் வாயைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறான். அந்த வாயை வைத்து இத்தனை வருஷமாக நான் செய்த வேலை இதுதான்.

"ஏய், ஆஸ்பத்திரிப் போர்வை அது" என்றான்.

"தெரியும், மூடிட்டு இரு."

சிஸ்டர் வந்தார், என் செருப்பை மார்பில் வாங்கிய அதே சிஸ்டர். ஸ்பிரிட் பஞ்சால் இடது காலிலிருந்த அம்பை அழுத்தி அழுத்தித் துடைத்தார். கறுப்பு போய் லேசாக நீலம் மட்டும் மிச்சம் இருந்தது. பேனா மூடியைக் கழற்றிக்கொண்டு, எல்லாவற்றையும் முதலிலிருந்து கேட்டார். பெயர் கேட்டார், சொன்னான். வயது கேட்டார், சொன்னான்.

"எந்தக் கால்ல ஆபரேஷன்?"

அண்ணன் என் பக்கம் திரும்பினான். என் வாய் அதுபாட்டுக்குத் திறந்தது. பல்லைக் கடித்து மூடினேன். போதாது என்று கையையும் வைத்துப் பொத்திக்கொண்டேன்.

"அவங்களை ஏன் பாக்கறீங்க சார்? நீங்க சொல்லுங்க."

அவன் சிஸ்டர் பக்கம் திரும்பித் தொண்டையைச் செருமினான்.

"வலது" என்றான். அப்புறம் யாரும் கேட்காமலே, "ரொம்ப வலிக்குது சிஸ்டர். ரொம்ப வருஷமா வலிக்குது" என்றான்.

"சரி சார்" என்று சொல்லி சிஸ்டர் வலது காலில் அம்பு போட்டார். யாரும் சிரிக்கவில்லை.